கிராதிக் காவலர் வேந்தரானார்!

சூளகிரிப் பக்கத்துப் பூந்தோட்டங்களிலும் கொத்தமல்லி வயல்களிலும் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். அறுத்துக் கட்டிய கட்டுகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கன்னடம் பேசுகிறவன், தமிழ் பேசுகிறவன் ஆகிய மூவரும் ஒரே பலகையில் தோளோடு தோள் உரச அமர்ந்து தமிழ்ப்பாடம் படிக்கிற எல்லைப்புறம் இது. அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஒருநாள், ஓர் அழைப்பிதழைக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தான். அவனுடைய அக்காள் பட்டம் பெறப் போகிறாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவள்தான். வீடே விழாக்கோலம் பூண்டிருக்கும் என்பதைப் பையனின் முகமே சொல்லிற்று.

அழைப்பிதழை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தான். வேந்தர் என்று ஒருவர் பெயர் வந்தது. இணைவேந்தர் என்று மற்றொருவர் பெயர் வந்தது. துணைவேந்தர் என்று மூன்றாமவர் பெயர் வந்தது. பையன் நிறுத்தினான். நிமிர்ந்து பார்த்தான்.

"சார், வேந்தர்னா ராஜாதானே? நம்ம நாட்டுல இப்ப ராஜாவே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், இரண்டையும் சொன்னவன் நான்தான். தமிழ்ப்பாட வேளையில், வேந்தர் என்றால் முடியுடை அரசர் என்று பொருள் கூறியிருந்தேன். குடிமையியல் வேளையில், 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் முதல் இந்நாடு குடியரசு, இங்கே முடியும் இல்லை, முடி சூடுவோரும் இல்லை என்று முழங்கியிருந்தேன். ஆண்டில் ஒருநாள் பட்டமளிப்பு மேடையில் அமர்கின்ற இந்த வேந்தர் எந்நாட்டுக்கு வேந்தர்? அவருக்குக் குடிகள் யார்? அந்த அக்காளா? அவளுக்குப் பாடம் சொன்ன பேராசிரியர்களா? பையன் கேட்ட கேள்விக்கு அன்று விடை சொல்லாமல் மணி அடித்துவிட்டது. விடை தேடிப் புறப்பட்டபோது நான் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

தோழர்களே! வேந்தர் என்று நாம் தமிழாக்கியிருக்கும் சொல், ஆங்கிலத்தில் சான்சலர். அதன் தாய்மொழி இலத்தீன். பழைய உரோமாபுரியின் நீதிமன்றத்தில், நீதிபதி அமரும் இடத்தையும் பொதுமக்கள் நிற்கும் இடத்தையும் பிரித்து ஒரு கிராதி போட்டிருப்பார்கள். குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைப் பின்னியமைத்த அடைப்பு. அந்தக் கிராதிக்கு இலத்தீனில் கான்செல்லி என்று பெயர். கிராதியருகே நின்று, வருவோரை விசாரித்து, வழக்குத் தாள்களை வாங்கி உள்ளே கொடுக்கும் ஊழியர் கான்செல்லாரியுசு. சான்சலர் பிறந்த கதை இதுதான். அரியணையில் அமர்ந்தவர் அல்லர் அவர். அரியணையின் பக்கம் அமர்ந்தவர்கூட அல்லர். வாயில் காத்தவர்!

இதே கிராதியிலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்திருக்கிறது. அதை நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில்கூடக் கேட்கலாம். "டிக்கெட்டை கேன்சல் செய்துவிட்டேன்" என்கிறோமே, அந்தக் கேன்சல்! எழுதிய எழுத்தின்மீது கிராதிபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்து அடிப்பதற்கு அப்பெயர் வந்தது. ஆக, சான்சலரும் கேன்சலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். விடைத்தாளில் சிவப்பு மையால் குறுக்குக்கோடு போடுகிற ஏழை ஆசிரியனுக்கும் அந்தக் குடும்பத்தில் ஓர் ஒட்டுறவு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம் போலும்!

உரோமாபுரி வீழ்ந்த பிறகு கிராதி மாதாகோயிலுக்குள் நுழைந்தது. பீடத்தையும் மக்கள் மண்டியிடும் இடத்தையும் பிரிக்க அங்கேயும் ஒரு கிராதி. பீடத்தை அடுத்த அப்பகுதிக்கே ஆங்கிலத்தில் சான்சல் என்று பெயர் ஆகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் துறவிகளும் குருமாருமாகவே இருந்த காலம் அது. ஆகவே ஆயரின் ஓலைகளை எழுதுகிறவர், முத்திரையைக் காக்கிறவர், ஏடுகளை அடுக்கி வைக்கிறவர் சான்சலர் ஆனார். அந்தப் பொருள் கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றளவும் மாறவில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 482ஆம் விதி, ஒவ்வொரு மறைமாவட்ட அலுவலகத்திலும் ஒரு சான்சலர் இருக்கவேண்டும் என்கிறது. அவருடைய தலையாய வேலை என்ன? ஆவணங்களைத் திரட்டுவது, ஒழுங்குபடுத்துவது, காப்பகத்தில் பாதுகாப்பது. சேலம் மறைமாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்துக்குள்தான் எங்கள் கிருட்டிணகிரிப் பகுதியும் அடங்கும். அந்தச் சட்டம் அங்கும் செல்லும். அங்கே ஆளும் பொறுப்பு ஆயருக்கு. ஏடு காக்கும் பொறுப்பு சான்சலருக்கு. சமயத்தோடு நமக்கு ஆயிரம் வழக்கு இருக்கலாம். ஆனால் ஒரு பதவியின் பெயரை அதன் வேலையோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் செய்தியில் திருச்சபையார் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாதாகோயிலிலிருந்த சான்சலர் பல்கலைக்கழகத்துக்குள் வந்தது எப்படி? பாரிசு மாநகரில், நோத்ர்தாம் பேராலயத்தின் சான்சலர்தான் ஆசிரியர் தொழிலுக்கு உரிமம் வழங்குகிறவர். அவர் கையெழுத்து இல்லாமல் எவரும் பாடம் சொல்ல முடியாது. வாயிலில் நின்றவர் கையில் வாயிலின் திறவுகோல் வந்துவிட்டது! திறவுகோல் கைக்கு வந்தால் காசும் கைக்கு வரும் என்பது உலகியற்கை. உரிமம் வழங்கக் காசு கேட்கலாகாது, தகுதியுள்ளவனை மறுக்கலாகாது என்று 1179ஆம் ஆண்டு இலாத்தரன் பொதுச்சங்கம் விதி செய்யவேண்டி வந்தது. விதி வந்தது என்றால் வழக்கம் இருந்தது என்று பொருள். 1229இல் பாரிசு மாணவர் சிலர் காவலரால் கொல்லப்பட்டபோது ஆசிரியரும் மாணவரும் பள்ளிகளை மூடிவிட்டு நகரைவிட்டே வெளியேறினர். இரண்டாண்டு வேலைநிறுத்தம்! 1231இல் போப்பு ஒன்பதாம் கிரகோரி இறங்கிவந்து ஆணை பிறப்பித்தார். அந்த ஆணை சான்சலரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டியது. சான்சலர் தமக்கெனச் சிறைக்கூடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதில் ஒன்று. எண்ணிப் பாருங்கள்! பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சான்சலரை எதிர்த்துப் போராடித் தங்கள் உரிமையை நிலைநாட்டினார்கள். அன்றும் சிக்கல், வாயில் காப்பவர் வீட்டுக்காரராகிவிட்டார் என்பதுதான்.

ஆக்சுபோர்டில் 1214ஆம் ஆண்டு ஆவணத்திலேயே சான்சலர் பேசப்படுகிறார். இலிங்கன் நகர் ஆயரால் அமர்த்தப்பட வேண்டியவராக அவர் அங்கே குறிக்கப்படுகிறார். நாளடைவில் ஆயர் பிடி தளர்ந்தது. ஆசிரியர்களே தங்கள் சான்சலரைத் தேர்ந்தெடுத்தார்கள். மேலும் நாளடைவில், அரசவையில் செல்வாக்குள்ள பெருமக்களைச் சான்சலராக்கினால் பல்கலைக்கழகத்துக்கு ஆதரவு கிடைக்கும் என்ற கணக்குப் பிறந்தது. பெருமக்கள் இலண்டனில் இருப்பார்கள். ஊரில் இருந்து வேலை செய்ய ஒருவர் வேண்டுமே! அவர்தான் துணைச் சான்சலர். பெயர் ஒருவருக்கு, பணி மற்றொருவருக்கு என்ற முறை அங்கே தொடங்கிற்று. எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அங்கே அரசர் இருக்கிறார். ஆனால் ஆக்சுபோர்டின் சான்சலரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அங்கே பட்டம் பெற்றவர்கள். 2024ஆம் ஆண்டு இணையவழி வாக்கெடுப்பு நடத்தி வில்லியம் ஏக் என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முடியரசு நாட்டில் சான்சலர் வாக்குச்சீட்டால் வருகிறார். குடியரசு நாட்டிலோ வேந்தர் பதவியோடு ஒட்டிக்கொண்டு வருகிறார். இந்த முரண்பாட்டைக் கண்டும் காணாதார்போல் நாம் நடந்துகொண்டிருக்கிறோம்.

நம் நாட்டுக்கு இது வந்த ஆண்டு 1857. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களை அவ்வாண்டில் வெள்ளையர் அரசு சட்டம் செய்து நிறுவிற்று. இலண்டன் பல்கலைக்கழகத்தின் அச்சில் வார்த்தவை அவை. தொடக்கத்தில் அவை பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்தன, பட்டம் கொடுத்தன. அதாவது கிராதியருகே நின்று உள்ளே விடும் வேலையை மட்டுமே செய்தன. சென்னையின் முதல் சான்சலர் அன்றைய ஆளுநர் ஆரிசு பிரபு. அறிவுத்துறையில் அவருக்கிருந்த தேர்ச்சிக்காக வந்த பதவி அன்று; கோட்டையில் இருந்தார், ஆகவே சான்சலர் ஆனார். கல்கத்தாவில் வைசிராய் கர்சான் பிரபு அதே முறையில் சான்சலராக இருந்து, 1904இல் பல்கலைக்கழகங்களை அரசின் பிடிக்குள் இறுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். பின்பு தாய்நாடு திரும்பி 1907இல் ஆக்சுபோர்டின் சான்சலரானார். அங்கே தேர்தலில் வென்று வந்தார்; இங்கே ஆணையால் இருந்தார். ஒரே மனிதர், ஒரே பெயருடைய பதவி. ஆனால் ஆளப்பட்ட நாட்டுக்கு ஒரு முறை, ஆண்ட நாட்டுக்கு ஒரு முறை!

தமிழில் பெயர் வைத்தவர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் சொல்லைப் பார்க்கவில்லை. சொல்லின்மேல் அமர்ந்திருந்த ஆளைப் பார்த்தார்கள். குதிரை பூட்டிய வண்டியில், படை முன்செல்ல, கோட்டையிலிருந்து வந்து இறங்கும் ஆளுநர் அவர்கள் கண்ணுக்கு வேந்தராகவே தெரிந்திருக்கிறார். இதேபோல மற்றொரு சொல்லையும் காட்டலாம். கலெக்டர் என்றால் திரட்டுகிறவர். வரி திரட்டக் கும்பினியார் வைத்த உத்தியோகம். அதைத் தமிழாக்கியபோது மாவட்ட ஆட்சியர் என்றாக்கினோம். தண்டல்காரர் ஆட்சியரானார், வாயிற்காவலர் வேந்தரானார். ஆங்கிலத்தில் பணியைக் குறித்த பெயர்கள், தமிழுக்கு வரும்போது மட்டும் ஏன் பதவியின் மிடுக்கைக் குறிக்கின்றன? ஆங்கிலேயன் போன பிறகும் அவன் நாற்காலியைப் பார்த்து எழுந்து நிற்கும் பழக்கம் நம் முழங்காலில் தங்கிவிட்டதா?

இதை வெளியாரைக் குறைகூறி முடித்துவிட முடியாது. வடமொழிச் சுமையையும் ஆங்கிலச் சுமையையும் இறக்கி வைக்கத் தமிழன்பர்கள் முனைந்த காலத்தில் வேரூன்றிய சொல் இது. அந்த முனைப்பால் விளைந்த நன்மைகள் ஒன்றிரண்டல்ல. சர்வகலாசாலை பல்கலைக்கழகமாயிற்று. உபாத்தியாயர் ஆசிரியரானார். அக்கிராசனாதிபதி தலைவரானார். காரியதரிசி செயலாளரானார். அபேட்சகர் வேட்பாளரானார். 1967இல் அறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்றபின் அரசு ஏடுகளில் ஸ்ரீ போய்த் திரு வந்தது. 1969 சனவரி 14இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு என்னும் தன் பெயரைப் பெற்றது. இந்த மாற்றங்களில் சிலவற்றை உற்று நோக்குங்கள். அக்கிராசனாதிபதி என்பதில் ஆசனம் இருந்தது, அதிபதி இருந்தான். தலைவர் என்பதில் இரண்டும் இல்லை. செயலாளர் என்ற சொல், செயல் ஆற்றுகிறவர் என்று வேலையைச் சொல்கிறது. பதிவாளர் என்றால் பதிவு செய்கிறவர். மொழியை மாற்றும்போதே மனப்பான்மையையும் மாற்றிய சொற்கள் இவை. இத்தனை நல்ல சொற்களைத் தந்த கைகளா வேந்தர் என்பதையும் ஏற்றுப் போற்றின? அயல்மொழிச் சொல்லைக் களைந்தோம். களைந்த இடத்தில் ஒரு மணிமுடியைச் சூட்டிவிட்டோம். தமிழ்ச்சொல் என்பதற்காகவே ஒரு சொல்லைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவது மொழிப்பற்று ஆகலாம், பகுத்தறிவு ஆகாது.

வேந்தர் என்ற சொல்லுக்குத் தமிழில் திட்டமான பொருள் உண்டு. சேரர், சோழர், பாண்டியர் என்ற மூவரே வேந்தர். மற்றையோர் குறுநில மன்னர், வேளிர். எங்கள் பகுதியின் பழங்கதையே இதற்குச் சான்று. இன்று தருமபுரி எனப்படும் தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி வேந்தன் அல்லன். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்தவன் என்று தமிழுலகம் அவனை நினைவில் வைத்திருக்கிறது. அந்தத் தகடூரைப் படையெடுத்து அழித்தவன் சேரவேந்தன் பெருஞ்சேரல் இரும்பொறை. கபிலரின் நண்பன் பாரியும் வேந்தன் அல்லன். அவனுடைய பறம்பு மலையை முற்றுகையிட்டவர்கள் மூவேந்தர். வேந்தரும் புலவரைப் பேணியதுண்டு, அதை மறுக்கவில்லை. ஆயினும் கல்விக்கும் கல்வியாளருக்கும் நட்புக் கரம் நீட்டியவர்கள் என்றதும் தமிழ்க் குழந்தையின் நாவில் முதலில் வரும் பெயர்கள் அதியமானும் பாரியும். அவ்விருவரையும் அழித்த பக்கத்தின் பட்டப்பெயரை எடுத்துக் கல்விக்கூடத்தின் உச்சியில் வைத்தோமே, இது பொருந்துமா?

இன்னொரு பொருத்தக்கேடும் உண்டு. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் கலைக்கல்லூரிகளுக்காக 1997இல் தோன்றியது பெரியார் பல்கலைக்கழகம். பெரியார் என்பதும் ஒரு பட்டப்பெயர்தான். 1938இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாட்டில் மக்கள் மனமுவந்து வழங்கிய பெயர். சட்டம் கொடுத்த பெயரன்று. முடியையும் பிறப்பால் வரும் பெருமையையும் வாழ்நாள் முழுவதும் சாடிய அந்தப் பெரியவரின் பெயரோடு வேந்தர் என்ற சொல்லைச் சேர்த்துப் படியுங்கள்: பெரியார் பல்கலைக்கழக வேந்தர்! அவர் காதில் விழுந்தால் கைத்தடியைத் தட்டிச் சிரித்திருக்க மாட்டாரா?

"சொல்லில் என்ன இருக்கிறது? பழகிப்போன பெயர், எவரும் அரசர் என்று நினைப்பதில்லை. பட்டம் என்ற சொல்கூட அரசர் நெற்றியில் கட்டிய பொற்றகட்டைக் குறித்ததுதானே! அதையும் நீக்கிவிடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பட்டத்தை நீக்கவேண்டாம் என்பேன். காரணம், அரசனின் நெற்றியில் மட்டும் இருந்த அணியைப் பூந்தோட்டக் கூலியின் மகளும் படித்துப் பெறலாம் என்று ஆக்கியது நம் காலம். அச்சொல் மேலிருந்து கீழே இறங்கிவந்து பொதுவுடைமை ஆனது. வேந்தர் என்ற சொல்லோ வாயிலருகே நின்றிருந்த பணியாளரை மேலே ஏற்றி, மற்றவர் எட்ட முடியாத இடத்தில் வைத்தது. ஒன்று பங்கிட்டுக் கொடுக்கிறது; மற்றொன்று பறித்துக்கொள்கிறது.

பறித்துக்கொள்கிறது என்று சொல்வது மிகை என்று எண்ணவேண்டாம். வேந்தர் என்றால் அரியணை. அரியணை என்றால் போட்டி. அண்மை ஆண்டுகளில் நாடு கண்டது அதுதானே! ஆளுநருக்குப் பல்கலைக்கழகச் சுமை வேண்டாம் என்று பூஞ்சி ஆணையம் 2010இல் பரிந்துரைத்தது. துணைவேந்தரை அமர்த்தும் உரிமையை மாநில அரசுக்குத் தரும் சட்டவரைவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரல் 25இல் நிறைவேற்றியது. இசைவு கிடைக்காமல் கிடந்தது. 2025 ஏப்ரல் 8இல் உச்சநீதிமன்றம், கிடப்பில் இருந்த பத்துச் சட்டவரைவுகளும் இசைவு பெற்றவையே என்று தீர்ப்பளித்தது. துணைவேந்தர் அமர்த்தம் பற்றிய பிரிவுகளுக்கு மே 21இல் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இசைவு கிடைத்ததாகக் கொள்ளும் முறையே செல்லாது என்று அவ்வாண்டு நவம்பர் 20இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு குடியரசுத் தலைவருக்குக் கருத்துரைத்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு அந்த உரிமை வேண்டும் என்பதே என் துணிபு. ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன்: இத்தனை வழக்கிலும் வாதத்திலும், முடி எவர் தலைக்கு என்பது பேசப்பட்ட அளவுக்கு, முடி எதற்கு என்பது பேசப்பட்டதா? பேராசிரியரும் மாணவரும் பட்டதாரிகளும் தங்கள் பல்கலைக்கழகத்தின் தலைமையைப் பற்றிச் சொல்ல உரிமையுண்டா என்பது பேசப்பட்டதா?

வேறு வழி இருக்கிறது என்பதற்குக் கேரளமே சான்று. கலாமண்டலம் கலைப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடத்தில் ஆளுநருக்குப் பதிலாக 2022 திசம்பரில் நடனக் கலைஞர் மல்லிகா சாராபாயை அமர்த்தினார்கள். கலைக்கூடத்துக்குக் கலைஞர் தலைமை! தமிழ்நாட்டிலும் 2013இல் உண்டான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் சட்டம் முதலமைச்சரை அதன் வேந்தராக்கியது. அங்கே ஆள் மாறினார். வேந்தர் என்ற பெயர் மாறவில்லை. மக்கள் வாக்களித்துத் தேர்ந்த முதலமைச்சருக்கு வேந்தர் என்ற பெயர் எதற்கு? முதலமைச்சர் என்ற பெயரைவிட உயர்ந்த பெயர் குடியாட்சியில் உண்டா?

பெயரை மட்டும் மாற்றி ஏமாறுகிற வழியும் இருக்கிறது. அதையும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். எங்களூரிலிருந்து சிறிது தொலைவு சென்றால் கன்னட நாடு. அங்கே துணைவேந்தர் குலபதி, வேந்தர் குலாதிபதி. பதி என்ற வடசொல்லுக்குத் தலைவன் என்றும் கணவன் என்றும் பொருள். பெண்ணொருவர் அப்பதவிக்கு வந்தால் அவரும் பதிதான்! நம் வேந்தர் என்ற சொல்லும் இந்த வகையில் குறைந்ததன்று. பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியபோது ஆளுநராக இருந்தவர், உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான பாத்திமா பீவி. அந்த அம்மையாரும் நமக்கு வேந்தர்தான். இந்தி வழங்கும் மாநிலங்களில் இதற்கு ஒரு மருந்து கண்டார்கள். மத்தியப் பிரதேசம் 2024இலும், இராசத்தான் 2025இலும் குலபதியைக் குலகுரு என்றாக்கின. தில்லியின் சவகர்லால் நேரு பல்கலைக்கழகமும் 2025இல் அதையே ஏற்றது. பதி போய்க் குரு வந்தார். ஆனால் அமர்த்தும் முறை மாறிற்றா? ஆசிரியர்க்குக் குரல் கிடைத்ததா? கணவனிடமிருந்து மீட்டுக் குருவின் காலடியில் வைப்பது விடுதலை ஆகுமா? கேள்வி கேட்கும் இடத்துக்குப் பல்கலைக்கழகம் என்று பெயர். வணங்கி வாய் பொத்தும் இடத்துக்கு வேறு பெயர் உண்டு.

அப்படியானால் நாம் என்ன பெயர் வைக்கலாம்? அதற்கு நான் நெடுந்தொலைவு போகவில்லை. என் பள்ளியின் முன்னறைக் கதவில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தேன்: தலைமையாசிரியர். எவ்வளவு நேர்மையான சொல்! அவர் தலைமை தாங்குகிறார். ஆயினும் அவர் ஆசிரியர். எங்களில் ஒருவர். எவரேனும் விடுப்பு எடுத்தால் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுவார். இலங்கைத் தமிழில் பள்ளித் தலைவரை அதிபர் என்றும், பல்கலைக்கழகப் புலத் தலைவரைப் பீடாதிபதி என்றும் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு நாம் போகவில்லை. பள்ளி அளவில் நம் சொல் குடியாட்சிச் சொல்லாகவே நிற்கிறது. கல்லூரிக்குப் போனால் முதல்வர். அதுவும் தாழ்வில்லை, முதலில் நிற்பவர் என்றே பொருள். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் வந்துவிடுகிறார்கள் வேந்தர்கள்! படியேற ஏற, ஆசிரியர் என்ற சொல் மறைகிறது. ஆள்பவர் என்ற சொல் தோன்றுகிறது.

நாம் நினைவில் வைத்திருக்கும் துணைவேந்தர்கள் யார்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1969 வரை இருபத்தேழாண்டு பணிபுரிந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார்; அவர் மருத்துவப் பேராசிரியர். அந்த இருபத்தேழாண்டில் வேந்தர் நாற்காலியில் அமர்ந்தவர்களின் பெயர்களை எத்தனை பேர் சொல்வார்கள்? அவருக்குப்பின் வந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு, ஊர் ஊராகச் சுற்றிய கல்வித்துறை அலுவலர், காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்துக்குத் தோள்கொடுத்தவர். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பேற்ற மு. வரதராசனார், எங்கள் மாவட்டத்துக்கு அண்டையிலுள்ள திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராக இருந்து, பின் பள்ளித் தமிழாசிரியராகப் பாடம் சொன்னவர். இவர்கள் வேந்தருக்குத் துணையாக இருந்தமையாலா நினைவில் நிற்கிறார்கள்? ஆசிரியராக இருந்தமையால், ஆசிரியரின் மனத்தோடு பணியாற்றியமையால் நிற்கிறார்கள். ஆகவே என் கருத்து இது: துணைவேந்தர் என்பவரைத் தலைமைப் பேராசிரியர் என்று அழைப்போம். வேந்தர் என்று ஒருவர் சட்டப்படி இருந்தே ஆகவேண்டுமானால், பல்கலைக்கழகத் தலைவர் என்று அழைப்போம். அக்கிராசனாதிபதியைத் தலைவராக்கிய தமிழுக்கு வேந்தரைத் தலைவராக்குவது அரிதா?

பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்லவில்லை. குலகுருவின் கதை கண்முன் இருக்கிறது. ஆனால் சரியான பெயர் சரியான கேள்வியை எழுப்பும். தலைமைப் பேராசிரியர் என்று பெயர் வைத்துவிட்டால், இவர் எங்கே, எத்தனை ஆண்டு, என்ன பாடம் நடத்தினார் என்று அழைப்பிதழைப் படிக்கிற எவரும் கேட்பார்கள். தலைவர் என்று பெயர் வைத்துவிட்டால், இவரைத் தலைவராகத் தேர்ந்தவர் யார் என்று கேட்பார்கள். வேந்தர் என்ற பெயரைக் கேட்டு எழும் கேள்வி ஒன்றே ஒன்று: எங்கே வணங்குவது?

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனுக்கு இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். உரோமாபுரிக் கிராதியைக் கரும்பலகையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்டு வரைந்தேன். அருகே ஒரு மனிதனை வரைந்து, இவர்தான் வேந்தர் என்றேன். பையன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப எங்க அக்காவை உள்ள விடுறவரு, அவ்வளவுதானே சார்?" என்றான்.

ஆம், அவ்வளவுதான். அவள் படித்தாள், தேறினாள், வாயிலுக்கு வந்திருக்கிறாள். வாயிலில் நிற்பவர் வழிவிடட்டும்.